எண்ணும் எழுத்தும்: கல்வி ஆய்வில் இருநெறிகள் இணைந்த வரலாறு

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிவந்தபோது தமிழாசிரியர் பலரின் நெஞ்சைத் தைத்த எண் ஒன்று அதில் இருந்தது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியக் குடியிருப்பாளர்களுள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழே என்று கூறியோர் நூற்றுக்கு 27.9 பேர். 2000ஆம் ஆண்டில் அவ்விகிதம் 42.9ஆக இருந்தது, 2010இல் ஏறத்தாழ 37ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்விறக்கத்தைக் கண்டு கவலைப்படாத தமிழர் இரார்.

கவலைப்பட்ட பின் என்ன செய்வது என்பதுதான் வினா. இவ்வெண் நமக்கு என்ன சொல்கிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது? இதற்கு விடை காண, கல்வி ஆய்வு கடந்த நூறாண்டுகளில் நடந்துவந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன்தரும்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. அங்கே எண் என்பது கணக்கையும், எழுத்து என்பது மொழியையும் குறித்தன. இக்கட்டுரையில் அச்சொற்களைச் சற்றே விரித்துப் பொருள்கொள்கிறேன். மாணவரின் தேர்ச்சியையும் பழக்கங்களையும் அளந்து, விகிதங்களாகவும் சராசரிகளாகவும் தரும் அளவுசார் நெறியை ‘எண்’ என்கிறேன். வகுப்பறையில் அமர்ந்து கண்டதையும் கேட்டதையும் விரித்துரைக்கும் பண்புசார் நெறியை ‘எழுத்து’ என்கிறேன். இவ்விரண்டும் சேர்ந்தும் பிரிந்தும் மீண்டும் சேர்ந்தும் வந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

அளவுகோலின் எழுச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் கல்வியை அறிவியலாக்க முனைந்தார். கையெழுத்து, வாசிப்பு, கணிதம் எனப் பலவற்றுக்கும் அளவுகோல்கள் உருவாயின. உலகில் உள்ள எதுவும் ஏதேனும் ஓர் அளவில்தான் இருக்கிறது என்னும் அவருடைய 1918ஆம் ஆண்டுக் கூற்று அளவீட்டு இயக்கத்தின் தாரக மந்திரமாயிற்று. ஆனால், ஒன்றை முழுமையாக அறிவதென்பது அதன் அளவோடு அதன் பண்பையும் அறிவதாகும் என்ற கருத்தையும் அவர் அவ்விடத்திலேயே கூறியிருந்தார். பின்வந்தோர் முதற்பகுதியை நினைவில் வைத்தனர், பிற்பகுதியை மறந்தனர்.

அளவீட்டால் நன்மை விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப மாணவரை மதிப்பிட்ட நிலைக்கு அது ஒரு வரம்பு கட்டியது. ஒரு பள்ளியை மற்றொரு பள்ளியோடு ஒப்பிட வழிவகுத்தது. எனினும், அளக்க எளிதானவை மட்டுமே முதன்மையானவை என்னும் மயக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது.

மரியந்தால் சிற்றூரின் பாடம்

இருநெறிகளையும் இணைத்த முன்னோடி ஆய்வொன்று, அச்சொல்லாட்சியெல்லாம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே ஆஸ்திரியாவில் நடைபெற்றது. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் என்னும் சிற்றூர் ஒரே ஒரு நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. 1929–30இல் அவ்வாலை மூடப்பட்டது. ஊரில் இருந்த 478 குடும்பங்களுள் பெரும்பாலானவை வேலையின்மையில் வீழ்ந்தன. மரி யாஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரை உள்ளடக்கிய குழுவினர் 1931–32இல் அங்குச் சென்று தங்கி ஆய்ந்தனர்.

அவர்கள் எண்ணத் தக்கவற்றை எல்லாம் எண்ணினர். தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தனர். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தனர், வழியில் அடிக்கடி நின்றனர். ஊர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கையைப் பார்த்தனர். ஓய்வுநேரம் பெருகியிருந்தும் வாசிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அதே வேளையில் அவர்கள் வீடுகளுக்குள் சென்று வாழ்க்கைக் கதைகளையும் கேட்டனர், நாட்குறிப்புகளைப் படித்தனர்.

ஆசிரியர்களுக்குப் பெரிதும் சுவையளிக்கத் தக்கது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பகுதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதுமாறு பிள்ளைகள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆய்வாளர்கள் பிள்ளைகள் விரும்பிய பொருள்களின் விலையைக் கூட்டிப் பார்த்தனர். மரியந்தால் பிள்ளைகளின் விருப்பங்களை நிறைவேற்றச் சராசரியாக ஏறத்தாழ 12 ஷில்லிங் போதும். அண்டை ஊர்ப் பிள்ளைகளின் விருப்பங்களுக்கு 36 ஷில்லிங் தேவை. ஆசையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது என்பதை எண் காட்டியது.

அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு புள்ளிவிவரமாக மட்டுமே எஞ்சியிருக்கும். அவர்கள் கட்டுரைகளின் சொற்களையும் ஊன்றிப் படித்தனர். பெற்றோரிடம் பணம் இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்பேன் என்னும் பாங்கிலேயே பிள்ளைகள் பலர் எழுதியிருந்தனர். இந்த ‘இருந்தால்’ என்னும் நிபந்தனைச் சொல்லை எந்த அளவுகோலும் அளந்திராது. ஏமாற்றம் வருமுன்பே அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட குழந்தை மனம் அவ்விலக்கண வடிவில் ஒளிந்திருந்தது. எண் சுருக்கத்தைக் காட்டியது. எழுத்து அச்சுருக்கத்தின் வலியைக் காட்டியது. இரண்டும் ஒரே கட்டுரைத் தாளிலிருந்து பெறப்பட்டவை என்பது கருதத் தக்கது.

இவ்வாய்வு நூலாக வெளிவந்தது 1933இல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. யூதர்களான ஆசிரியர்களின் பெயர்கள் நூலின் முகப்பில் இடம்பெறவில்லை. ஆய்வாளர்கள் நாடு பெயர்ந்தனர். ஆங்கில மொழிபெயர்ப்பு 1971இல்தான் வந்தது. கல்வியுலகம் அதன் பாடத்தைக் கற்கத் தவறியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கோல்மன் அறிக்கையும் மூன்று மேசைகளும்

அடுத்த பெருநிகழ்வு 1966இல் அமெரிக்காவில் நடந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், கல்வி வாய்ப்பில் நிலவும் ஏற்றத்தாழ்வை ஆய்ந்து அறிக்கை தருமாறு பணித்தது. ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் ஆறு இலட்சம் அளவிலான மாணவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதுவரை கல்வித் துறை கண்டிராத பேரளவு அது.

கறுப்பின மாணவர் பின்தங்குவதற்குப் பள்ளிகளின் வசதிக் குறைவே தலையாய காரணமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அறிக்கை வேறொன்றைக் கூறியது. மாணவர் தேர்ச்சியில் காணப்பட்ட வேறுபாட்டுக்குப் பள்ளி வசதிகளைக் காட்டிலும் குடும்பப் பின்னணியும் உடன்பயிலும் மாணவர்களின் சூழலுமே பெரிதும் தொடர்புடையனவாக இருந்தன. இம்முடிவை, ‘பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை’ என்று பொருள்கொண்டவர் பலர். அறிக்கை அவ்வாறு கூறவில்லை. ஆயினும், குடும்பம் என்பது அங்கே பெற்றோரின் கல்வி, வீட்டிலுள்ள பொருள்கள் முதலியவற்றைக் குறிக்கும் சில எண்களாகவே நின்றது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது, வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பவற்றை அவ்வெண்கள் காட்டவில்லை. காட்டாத இடத்தை மனச்சோர்வு நிரப்பியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1970இல், ரே ரிஸ்ட் என்னும் சமூகவியலாளர் முற்றிலும் வேறான ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வகுப்பு. கறுப்பினப் பிள்ளைகள் பயின்ற ஒரு நகர்ப்பள்ளியின் மழலையர் வகுப்பைத் தொடங்கி, அவர்கள் இரண்டாம் வகுப்புக்குச் செல்லும்வரை தொடர்ந்து கவனித்தார். பள்ளி தொடங்கிய எட்டாம் நாளிலேயே ஆசிரியர் பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிலையாக அமரச்செய்துவிட்டார். அப்போது முறையான தேர்வு எதுவும் நடைபெறவில்லை. தூய உடை, பேச்சு நடை, குடும்பத்தின் நிலை ஆகியவற்றையொட்டியே அப்பகுப்பு அமைந்திருந்ததை ரிஸ்ட் விரித்துரைத்தார். முதல் மேசையினர் ஆசிரியரின் கவனத்தை மிகுதியாகப் பெற்றனர். இரண்டாம் வகுப்பிலும் அப்பிரிவினை ஏறத்தாழ அப்படியே நீடித்தது.

ஆறு இலட்சம் மாணவரைக் கண்ட ஆய்வு, எட்டாம் நாளில் இடப்பட்ட மேசைகளைக் காணவில்லை. மேசைகளைக் கண்ட ஆய்வோ, இத்தகைய வகுப்புகள் நாட்டில் எத்தனை என்று கூறும் நிலையில் இல்லை. இரண்டையும் ஒருசேரப் படிப்பவருக்கே ஒன்று புலனாகும்: குடும்பப் பின்னணி என்பது வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை; அதை வகுப்பறைக்குள் எடுத்துச்செல்லும் வேலையைப் பள்ளியும் செய்யக்கூடும். அவ்வாறாயின், அதைத் தடுக்கும் வேலையையும் பள்ளி செய்ய இயலும்.

பூசலும் ஓர் அறிஞரின் மனமாற்றமும்

இவ்வாறு ஒன்றையொன்று நிறைவுசெய்யும் ஆற்றல் இருந்தும், 1970களிலும் 80களிலும் இருநெறியினரும் இரு முகாம்களாகப் பிரிந்து வழக்காடினர். எண்ணின் பக்கம் நின்றோர் எழுத்தைக் கதையளப்பு என்றனர். எழுத்தின் பக்கம் நின்றோர், மனிதரை எண்ணாகக் குறுக்குவது உண்மையையே திரிப்பது என்றனர். இரண்டின் மெய்யியல் அடிப்படைகளே வேறு ஆதலால், அவை இணையவே இயலாது என்று வாதிட்டவரும் இருந்தனர். நேத்தன் கேஜ் 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இப்பூசலைப் போராகவே உருவகித்தது. அவர் 2009ஆம் ஆண்டில் நின்று பின்னோக்கிப் பார்ப்பதுபோல அதனைக் கற்பனையாக எழுதினார். போர் எவ்வாறு முடியும் என்பதற்குப் பல முடிவுகளை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று, இருதரப்பும் ஒன்றுக்கொன்று துணையாக உழைப்பது.

இப்பூசலின் நடுவே நிகழ்ந்த ஒரு மனமாற்றத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். டொனால்டு கேம்பெல் சோதனைமுறை ஆய்வின் பேராசானாகக் கருதப்பட்டவர். 1959இல் டொனால்டு ஃபிஸ்கேயுடன் இணைந்து, ஒரு பண்பை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அளந்து சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1963இல் ஜூலியன் ஸ்டான்லியுடன் எழுதிய நூற்பகுதியில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஒரே குழுவை ஒருமுறை மட்டும் நோக்கும் ஆய்வுக்கு அறிவியல் மதிப்பு ஏறத்தாழ இல்லை என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்களை வழிநடத்தியது.

ஆனால் அவரே 1970களின் நடுப்பகுதியில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓரிடத்தில் ஆழ்ந்து தங்கி ஆயும் நல்ல ஆய்வாளர், தம் கருத்துக்கு மாறான சான்றுகளையும் சந்திக்கிறார். பலமுறை தம் எதிர்பார்ப்பைக் கைவிட நேர்கிறது. ஆதலால் அவ்வாய்விலும் கட்டுப்பாடு உண்டு என்று அவர் வாதிட்டார். எண்களைக் கொண்டு நாம் பெறும் அறிவும், அன்றாடம் நாம் கண்டும் கேட்டும் பெறும் அறிவின் மீதே நிற்கிறது என்றும் எடுத்துரைத்தார். புகழின் உச்சியில் இருந்தவர் தம் பழைய தீர்ப்பை அச்சிலேயே மாற்றிக்கொண்டது, முறையியல் வரலாற்றில் மட்டுமன்றி அறிவு நேர்மையின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

இணைப்பு என்பதன் பொருள்

1989இல் ஜெனிஃபர் கிரீனும் அவருடன் பணியாற்றிய இருவரும், இருநெறிகளையும் கையாண்ட 57 மதிப்பீட்டு ஆய்வுகளை எடுத்து, எதற்காக இணைத்தனர் என்று வினவினர். ஐந்து நோக்கங்கள் தெளிவாயின: ஒரு முடிவை மற்றொரு வழியில் சரிபார்த்தல், ஒன்று விட்டதை மற்றொன்றால் விளக்குதல், ஒன்றின் முடிவைக்கொண்டு மற்றொன்றை உருவாக்குதல், இரண்டுக்கும் இடையே எழும் முரணிலிருந்து புதிய வினா காணுதல், ஆய்வின் எல்லையை விரித்தல். இவ்வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது. 2003இல் கலப்புமுறை ஆய்வுக்கெனப் பெருங்கையேடு வெளிவந்தது. 2007இல் தனி ஆய்விதழ் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் ஏற்கப்படாத கலப்பு, தனித்ததொரு நெறியாக வேரூன்றியது.

இணைப்பு என்றால் வினாநிரலின் முடிவுகளை ஓர் இயலிலும், நேர்காணலின் பகுதிகளை அடுத்த இயலிலும் அடுக்கிவைப்பதன்று. ஒன்று எழுப்பும் வினாவுக்கு மற்றொன்று விடை தேட வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1997இல் இங்கிலாந்தில் தொடங்கிய பாலர்கல்வி ஆய்வு. கேத்தி சில்வா முதலானோர் நடத்திய அவ்வாய்வு, 141 பாலர் நிலையங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தது. எந்த நிலையங்களின் குழந்தைகள், குடும்பப் பின்னணியைக் கணக்கில் கொண்ட பின்னும், எதிர்பார்த்ததைவிட மேலான வளர்ச்சி பெற்றனர் என்று எண் காட்டியது. பின்னர், நற்பயன் விளைவித்த 12 நிலையங்களைத் தேர்ந்து, அங்கே என்னதான் நடக்கிறது என்று ஆய்வாளர்கள் ஊன்றிக் கவனித்தனர்.

அங்கே அவர்கள் கண்டது உரையாடல். ஆசிரியரும் குழந்தையும் சேர்ந்து ஒரு வினாவைப் பற்றிச் சிந்தித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் வளர்த்துக்கொண்டு செல்லும் நீண்ட பேச்சு, சிறந்த நிலையங்களில் மிகுதியாகக் காணப்பட்டது. அது மட்டுமன்று. பெற்றோர் யார், என்ன வேலை செய்கின்றனர் என்பதைக் காட்டிலும், வீட்டில் அவர்கள் குழந்தையோடு என்ன செய்கின்றனர் என்பது முதன்மையானது என்றும் அவ்வாய்வு காட்டியது. குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதும், பாடல் சொல்லித் தருவதும், நூலகத்துக்கு அழைத்துச் செல்வதும் கணக்கில் வந்தன. கோல்மன் அறிக்கையில் ‘குடும்பம்’ என்பது மாற்ற இயலாத விதிபோல் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சொல், செய்யக்கூடிய செயல்களின் பட்டியலாக மாறியது. இருநெறிகளும் இணைந்ததால் விளைந்த பெரும்பயன் இதுவே.

நம் எண்ணுக்குத் திரும்புவோம்

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு, தொடக்கத்தில் கண்ட 27.9 என்னும் எண்ணை மீண்டும் நோக்குவோம்.

முதலில் எண்ணையே நன்கு படிக்க வேண்டும். இது ‘இந்தியர்’ என்னும் தொகுதியின் விகிதம். அத்தொகுதியில் தமிழர் பாதிக்குச் சற்று மேற்பட்டவரே. மலையாளம், இந்தி, பஞ்சாபி முதலிய மொழிக் குடும்பத்தினரும் அதனுள் அடங்குவர். குடியேற்றத்தால் தொகுதியின் அமைப்பு மாறும்போது, எந்தத் தமிழ் வீடும் மாறாமலேயே விகிதம் மாறக்கூடும். இறக்கம் முழுவதையும் இதனால் விளக்கிவிட முடியாது; ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் விகிதம் 2000இல் 35.6ஆக இருந்து 2020இல் 59.2ஆக உயர்ந்துள்ளது. எனினும், எண்ணின் அடித்தொகை எது என்று கேட்காமல் வருந்துவதும் மகிழ்வதும் ஆய்வுக்கு ஒவ்வா.

அடுத்து, ‘மிகுதியாகப் பேசும் மொழி’ என்ற வினாவுக்கு ஒருவர் ஒரே மொழியைத்தான் விடையாகத் தர இயலும். அண்ணனோடு ஆங்கிலத்திலும் பாட்டியோடு தமிழிலும் பேசும் சிறுமி, ஆங்கிலப் பேச்சாளர் என்னும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகிறாள். ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசும் குடியிருப்பாளருள், எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்க்க, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் தாய்மொழி ஒன்றையும் பேசுகின்றனர் என்று அதே 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. அப்படியாயின் நாம் கேட்க வேண்டியது, யாரோடு, எப்போது, எதைப் பற்றித் தமிழ் பேசப்படுகிறது என்பதையே. இவ்வினாவோடு எண்ணின் எல்லை முடிகிறது. எழுத்தின் வேலை தொடங்குகிறது.

தமிழுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. நம் மொழியில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் தொலைவில் நிற்பன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் பாடநூலின் தமிழ் புதியதாகத் தோன்றலாம். தான் பேசுவது ‘சரியான தமிழ்’ அன்று என்று எண்ணி, வாய் திறக்கத் தயங்கலாம். தேர்வு மதிப்பெண் இத்தயக்கத்தைக் காட்டாது. சிங்கப்பூரின் தமிழ்க் கல்வியை ஆய்ந்த மொழியியலாளர் ஹரால்டு ஷிஃப்மன், எழுத்து வழக்கையே வகுப்பறை முழுமையும் வலியுறுத்துவது மொழி நிலைபெற உதவாது என்னும் கருத்தை முன்வைத்தார். 2005இல் அறிக்கை அளித்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்குக் கூடுதல் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் விளைவாக, திருந்திய பேச்சுத் தமிழ் இங்குள்ள வகுப்பறைகளில் ஏற்புடைய வழக்காயிற்று. எத்தனை பேர் தமிழ் பேசுகின்றனர் என்ற கணக்கு மட்டும் நம்மிடம் இருந்திருந்தால், பிள்ளைகளின் வாயில் எந்தத் தமிழ் இருக்கிறது என்னும் வினா எழுந்திருக்காது.

ஆய்வைத் தொடங்குவோருக்கு

ஆய்வேடு எழுதவிருக்கும் மாணவர்களுக்கும், தம் வகுப்பையே ஆய்வுக்களமாகக் கொள்ள விரும்பும் ஆசிரியர்களுக்கும் இவ்வரலாறு தரும் அறிவுரை எளியது. எண் வியப்பூட்டும் இடத்தில் எழுத்தைத் தொடங்குக. நாற்பது மாணவரிடம் வினாநிரல் கொடுத்து, தமிழ் நூல் வாசிப்பதில் ஆர்வம் உண்டு என்று பெரும்பாலோர் கூறி, நூலகப் பதிவேடோ வேறுகதை கூறுமானால், அம்முரணை மறைக்க வேண்டா; அதுவே உங்கள் ஆய்வின் கருவூலம். முரண்படும் மாணவர் சிலரை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். மறுதலையாக, ஒரு சிறுவனின் கதை உங்கள் மனத்தை உலுக்கினால், அவனைப் போன்றோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தவறாதீர்கள். ஒற்றைக் கதை உண்மையாக இருக்கலாம். அது பொதுவானதா என்பதைக் கதை தானே கூறாது.

இரண்டையும் செய்வதற்கு உழைப்பு இரட்டிப்பாகும் என்பதும் உண்மை. காலம் குறைவாயின் வினாவைச் சிறிதாக்கிக் கொள்ளலாம். கண்களுள் ஒன்றை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த கணக்கெடுப்பில் நம் விகிதம் என்னவாக இருக்கும் என்று இன்று எவரும் அறியோம். அது எவ்வளவாயினும், அதன் பின்னே வீடுகள் இருக்கின்றன. அவ்வீடுகளில் பாட்டியோடு பேசும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவ்வீடுகளைச் சென்று கண்டு, கேட்டு, எண்ணி, எழுதி வைப்போமானால், எண்ணைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், நாளை வகுப்பில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் நாம் அறிந்திருப்போம்.